பண்ணைப் பாலத்தில் 318 மீற்றர் மலையேற்றம்

இன்று காலை ஓட்டத்தை முடித்து வாசற்படியில் குனிந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கையில் கட்டியிருந்த மணிக்கூடு அதிர்ந்து, நான் 318 மீற்றர் ஏறியிருப்பதாக வாழ்த்துச் சொன்னது. நான் ஓடியது யாழ்ப்பாணக் கோட்டையடியிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக மண்டைதீவுச் சந்தியைத் தாண்டித் திரும்பி வரும் பாதை. இரண்டு பக்கமும் கடல்நீரேரி. நடுவில் பலகைபோல் கிடக்கும் வீதி. அதில் எந்த இடத்தில் மலை முளைத்தது என்பதை மணிக்கூடு சொல்லவில்லை. எங்கள் குடாநாட்டில் மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது கீரிமலை. அங்கே போனாலும் கடற்கரையோரத்தில் ஒரு கேணியைத்தான் காண்பீர்கள்.

இதையாவது சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன். ஆனால் உள்ளே வந்து கைப்பேசியைத் திறந்தால், வாடிக்கையாளர் சேவையிலிருந்து, இல்லாத மலையை மணிக்கூடு ஏறுவதைப் பற்றிப் பதினொரு நாட்கள் கடிதம் எழுதிக் களைத்த பிறகு, இறுதி முடிவு வந்திருக்கிறது: "உங்கள் சாதனம் வழமைபோல் இயங்குகிறது. வேறு ஏதேனும் உதவி தேவையா?" வேறு உதவியாம்! கேட்ட உதவி எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்தப் பதினொரு நாட்களையும் நான் மறப்பதாக இல்லை. முதல் நாள், மணிக்கூட்டை நிறுத்தி மறுபடி இயக்கச் சொன்னார்கள், செய்தேன். இரண்டாம் நாள், மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். மூன்றாம் நாள், நான் மலைப்பாங்கான பகுதியில் வசிக்கிறேனா என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வசிக்கிறேன் என்று எழுதினேன். நான்காம் நாள் வேறொருவர் வந்து, அதே கேள்வியை அதே சொற்களில், அதே புன்னகைப் பொம்மையோடு கேட்டார்.

ஐந்தாம் நாள்தான் உருப்படியான ஒரு வார்த்தை வந்தது. மணிக்கூட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னத் துவாரங்களின் வழியாகத்தான் உள்ளே இருக்கும் சென்சர் வளியமுக்கத்தை அளக்கிறது; மேலே போகப் போக அமுக்கம் குறைவதை வைத்துத்தான் மணிக்கூடு உயரத்தைக் கணக்கிடுகிறது; அவற்றில் வியர்வையும் உப்பும் அடைத்தால் கணக்குப் பிழைக்கும் என்றார்கள். இதை நான் மறுக்கமாட்டேன். துவாரம் அடைபட்டு உள்ளே சிறைப்பட்ட காற்று உடற்சூட்டில் ஒரே ஒரு பாகை செல்சியஸ் சூடேறினாலும், அமுக்கம் அதன் அலகான ஹெக்டோபஸ்கலில் 3 க்கு மேல் கூடிவிடும். கடல் மட்டத்தை அண்டிய இடத்தில் ஒரு ஹெக்டோபஸ்கல் என்பது ஏறத்தாழ எட்டரை மீற்றர் ஆகையால், வீதியில் ஓடிக்கொண்டிருப்பவனை மணிக்கூடு 25 மீற்றருக்கு மேல் நிலத்துக்குள் இறக்கிவிட்டு, அடைப்பு விலகியதும் ஒரே தாவலில் மேலே தூக்கும். ஊசியால் குத்தக் கூடாது, வெதுவெதுப்பான சுத்தமான குழாய்நீரில் ஊறவைத்து அலச வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறி வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி, மிதமாகச் சூடாக்கி, அதைக் குளிப்பாட்டினேன். நான் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறேன். என் மணிக்கூடு போத்தல் தண்ணீரில் நீராடுகிறது.

குளித்த பிறகு திடீர்த் தாவல்கள் குறைந்தன என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். மலை மட்டும் போகவில்லை.

உயரம் தெரிந்த ஓர் இடத்தில் நின்று அளவைத் திருத்துங்கள் என்றார்கள். கடல் மட்டமே வாசலில் கிடக்கும் ஊரில் இதைவிட இலகுவான வேலை உண்டா? ஏழாம் நாள் காலை ஒன்பதரைக்குப் பண்ணைக் கரையில், மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குந்தியிருந்து கையைத் தண்ணீருக்கு அருகே பிடித்துப் பூச்சியம் என்று பதிந்தேன். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி மேசையில் வைத்தேன். அதை யாரும் தொடவில்லை. மாலை நான்கு மணிக்கு அது 27 மீற்றர் காட்டியது. மேசையில் கிடந்தபடியே அது தென்னையைத் தாண்டி ஏறியிருந்தது.

இதற்கான காரணத்தை நானே தேடிப் படித்தேன். வெப்பவலயத்தில் வளியமுக்கம் ஒவ்வொரு நாளும் காலை 10 மணியளவில் உச்சத்துக்கு வந்து, மாலை 4 மணியளவில் தாழ்ந்து, இரவில் மறுபடி ஏறி, விடியப்புறம் மறுபடி இறங்குகிறது. பகலில் மட்டும் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 3 ஹெக்டோபஸ்கல். குளிர்நாட்டுக்காரனுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்களுக்கோ அது நாள்தோறும் ஒரு 25 மீற்றர் குன்று. போதாக்குறைக்குச் சோளகக் காலம்: மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று துவாரத்தில் நேராக மோதினாலே 5 மீற்றர் அளவுக்குக் கணக்குப் பிசகும். மணிக்கூடோ இறங்கியதை வேறு ஏட்டில் எழுதிவிட்டு, ஏறியதை மட்டும் கந்துவட்டிக்காரனைப்போலக் கூட்டிக்கொண்டே போகிறது. பாலத்தின் முழு நீளத்துக்கும் இப்படிக் கூட்டினால் 318 வராமல் வேறென்ன வரும்?

1648 ஆம் ஆண்டு பிரான்சில் விஞ்ஞானி பஸ்காலின் மைத்துனர் பெரியே, வளியமுக்கத்தை அளக்கும் பாதரசக் குழாயோடு புய்-த-டோம் மலையில் ஏறியபோது, அடிவாரத்தில் இன்னொரு குழாயை நிறுத்தி, வானிலையால் அது மாறுகிறதா என்று பார்க்க ஒரு துறவியை நாள் முழுவதும் காவல் வைத்துவிட்டுத்தான் ஏறினார். முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவிக்குத் தெரிந்த விடயம், அசையாமல் கிடக்கும் பொருள் மலை ஏறாது என்ற அந்த ஒரேயொரு விடயம், என் அரைமாதச் சம்பளத்தை விழுங்கிய இந்த மணிக்கூட்டுக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் நானும் ஒரு காவல் வைத்தேன். அம்மாவை மேசையருகே இருத்தி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை இலக்கத்தைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். அவர் எழுதிய பட்டியலைப் படம்பிடித்து அனுப்பியதற்கு, படம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது.

பத்தாம் நாள், கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அறிவுரை வந்தது. ஒரு செயலியை இறக்கிப் பார்த்தால், அது என்னைக் கடல் மட்டத்துக்குக் கீழே 90 மீற்றருக்கும் மேலான ஆழத்தில் புதைத்திருந்தது! பூமியின் ஈர்ப்பு இந்தப் பக்கத்தில் குறைவென்பதால், இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டமே, ஜிபிஎஸ் உயரத்தை அளக்கத் தொடங்கும் கற்பனைப் பூமி வடிவமான கணித நீள்கோளத்திலிருந்து 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. நாங்களும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறோம். அந்தச் செயலி அதைத் திருத்தாமல் காட்டுகிறது. ஆக, ஒரே மனிதன், ஒரே நாற்காலியில், இடக்கையில் குன்றின் மேலும் வலக்கையில் கடலின் அடியிலும் இருந்தேன்.

வாங்கிய கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது மலைக்குப் போறவையளுக்கெண்டு செய்தது. நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கோ, சரியாக் காட்டும்" என்றான். இந்தப் பதினொரு நாட்களில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை அதுதான் என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

இதை எழுதி முடிக்கும்போது மாலை நாலரை மணி. மணிக்கூடு மேசையில் 26 காட்டிக்கொண்டிருக்கிறது. குசினியிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "ஏறினது காணும், மலையால இறங்கி வந்து தேத்தண்ணியைக் குடி." சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்க் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், வளியமுக்கம் மறுபடி ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், 2 மீற்றர் இறங்கியிருக்கிறேன்.