ஸ்கைலாப் இரவும் எட்டாம் திருவிழா நாடகமும்

நம் ஊர் ஆலயத்தில் எட்டாம் நாள் திருவிழா இரவு மேடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன். இப்போது அந்த வீடியோ துபாயில் இருக்கிற உறவினர் வரை போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

"ஆகாசவாணி, செய்திகள். இன்று 1979 ஜூலை 11" என்று தொடங்கும் அந்த நகைச்சுவை நாடகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அன்று வானத்திலிருந்து விழப்போவதாகச் செய்தி வந்த அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாப், அட்டைப்பெட்டியில் செய்யப்பட்டுக் கயிற்றில் ஆடுகிறது. வெள்ளைச் சேலை கட்டிய பையன் கிழவியாக வந்து, "விழட்டும், வலை வீசிப் பிடிக்கிறேன்" என்று வலையை மேலே எறிகிறான். அது செய்தி வாசிப்பவர் தலையில் விழுகிறது. ஊரே சிரித்தது. முன்வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கிழவி அவர்தான். போன மாதம் அதே பையன்கள் வீட்டுக்கு வந்து பழைய கதை கேட்டார்கள். கட்டன் சாயா போட்டுக் கொடுத்து, மரச்சீனி அவித்துக் கொடுத்து அம்மா சொன்ன கதை அது.

அன்று அவர் கிழவியும் அல்ல. வயது 24. எனக்கு 6, தம்பிக்கு எட்டு மாதம். அவர் வலையை வானத்தை நோக்கி வீசவில்லை. எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, அப்பாவின் வலையை மடித்து மடித்துக் கட்டிலின் மேல் அடுக்கினார். ஓலைக்கூரை வீட்டில் அதைவிடக் கனமான பொருள் வேறு எதுவும் இல்லை. கட்டில் விளிம்பில் தொங்கிய வலையின் ஈயக் குண்டு ஒன்று என் நெற்றியில் இடித்துக்கொண்டே இருந்தது. உப்பு வாடை. தம்பி அழ அழ, அம்மா செபமாலையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். பயந்தது குற்றமா? அன்று செய்தி அப்படித்தான் வந்தது. சுமார் 77 டன் எடையுள்ள விண்வெளி நிலையம் எப்போது விழும், எங்கே விழும் என்று அதை 1973-இல் ஏவிய நாசாவாலேயே சொல்ல முடியவில்லை. சூரியனின் சீற்றம் கணித்ததைவிட அதிகமானதால் மேல் வளிமண்டலம் சூடேறி விரிந்தது. அதில் உராய்ந்து உராய்ந்து நிலையம் கீழே இறங்கிவிட்டது. பூமியில் யாராவது ஒருவர் மேல் துண்டு விழுவதற்கான வாய்ப்பு 152-இல் 1 என்று கணக்குச் சொன்னதும் நாசாதான். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் அணு உலை வைத்த சோவியத் செயற்கைக்கோள் ஒன்று கனடாவின் வடக்கே விழுந்து கதிரியக்கத்தைச் சிதறியிருந்தது. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்டு, அது வீடு வீடாகப் போன காலம். அந்தச் செய்தியைக் கேட்டு ஒரு தாய் பயந்தார். இதற்கு மேல் அவர் என்ன அறிவியல் படித்திருக்க வேண்டும்?

"சும்மா சிரிப்புக்காகச் செய்தது, அதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். சிரிப்புக்கு நான் எதிரி அல்ல. நானும் இதே மேடையில் நாடகம் போட்டவன். ஸ்கைலாப்பைப் பார்த்து உலகமே சிரித்தது உண்மைதான். அமெரிக்காவில் குறி வட்டம் அச்சிட்ட பனியன் விற்றார்கள். முதல் துண்டைக் கொண்டுவருகிறவருக்கு 10,000 டாலர் என்று சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் ஊரைச் சேர்ந்த 17 வயதுப் பையன் அதைப் பெற்றான். அந்த ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கே 400 டாலர் அபராதம் விதித்தது. அது கேலி! போட்டவனைக் கேலி செய்தார்கள். கட்டிலுக்கு அடியில் பிள்ளையை ஒளித்தவளை அல்ல.

"சின்னப் பையன்கள், விட்டுவிடுங்கள்" என்பவர்களுக்கு: அவர்களில் இரண்டு பேர் பொறியியல் முடித்தவர்கள். போதும்.

"ஆஸ்திரேலியாவில் விழுந்ததற்கு இங்கே எதற்குப் பயம்" என்று நாடகத்தில் ஒரு வசனம் வருகிறது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஆஸ்திரேலியாவில் மட்டும் விழவில்லை, இந்தியப் பெருங்கடலிலும் விழுந்தது. நம் வாசலில் கிடக்கிற இதே கடல். நம் நேரப்படி இரவு பத்து மணிக்குச் சற்றுப் பிறகு. அந்த நேரத்தில் அப்பா கட்டுமரத்தில் இருந்தார். தூண்டிலுக்குப் போயிருந்ததால்தான் வலை வீட்டில் கிடந்தது. நாடகத்தில் அப்பாவே இல்லை. பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில், கணவன் கடலில், வானத்திலிருந்து இரும்பு வருகிறது என்று செய்தி. இதுதான் கதை. இதிலிருந்து வலையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விடிந்த பிறகு அப்பா வந்தார். கட்டிலின் மேல் வலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பிரித்துக் காயப் போட்டார்.

எழுதும்போது ஒக்கி புயல் நினைவுக்கு வருகிறது. வராமல் இருக்காது. 2017 நவம்பர் 30. ஸ்கைலாப் இரவில் கட்டிலுக்கு அடியில் அழுத அதே தம்பி, 39 வயதில், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன விசைப்படகில் இருந்தான். படகுகள் கரையை விட்டுப் போய் நாட்கள் ஆகியிருந்தன. எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்கு வந்தது. ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எட்டவில்லை. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எடுக்காது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல், போன் இல்லாமல், அம்மா அதே கட்டிலில் ஐந்து நாட்கள் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் மகாராஷ்டிராவின் தேவ்கட் துறைமுகத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. எங்கள் தெருவிலேயே அப்படிக் குரல் வராத வீடுகள் இருக்கின்றன. ஆபத்து வருகிறது என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கடற்கரை முழுக்க அழுதோமே, மறந்துவிட்டதா? செய்தி கேட்டுப் பயந்தவளைப் பார்த்து இந்த ஊரா சிரிப்பது? வேறு ஊர்க்காரர்கள் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பையன்கள் ஒருமுறை வீட்டுக்கு வரட்டும். அம்மா இப்போதும் சாயா போட்டுத்தான் கொடுப்பார்.

நாடகம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது குருசடி வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடலில் இருந்ததை அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விட்டுவிட்டேனா மக்களே?" என்று கேட்டார்.

சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.