தமிழ் மணியைக் கண்டெடுத்தவர் கேட்ட கேள்வி

நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியின் படம் முகநூலில் அடிக்கடி சுற்றி வருகிறது. யாரோ ஒரு முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் வெண்கல மணி. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தபோது கண்டவர் வில்லியம் கொலென்சோ, மிஷன் அச்சகத்துக்காரர். படத்தைப் பகிர்பவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். அவர் 1840 பிப்ரவரி 6 அன்று கேட்ட ஒரு கேள்வி எனக்கு அந்த மணியைவிடப் பெரிது.

அன்று நியூசிலாந்தின் வடக்கே உள்ள வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம். ஆங்கில வாசகத்தை ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்திருந்தார்கள். மறுநாள் பகல் முழுவதும் கடும் வாதம். அதற்கடுத்த நாளான 6-ஆம் தேதி ஹோனே ஹேகே என்ற தலைவர் முதல் ஆளாகக் கையெழுத்திட வந்தபோது கொலென்சோ குறுக்கிட்டார். இதில் இருப்பது இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று துணைநிலை ஆளுநர் ஹாப்சனிடம் கேட்டார். புரியாவிட்டால் அது தன் குற்றமல்ல என்றார் ஹாப்சன். கையெழுத்து தொடர்ந்தது.

தங்கள் மொழியில் வாசிக்கப்பட்டது அந்தத் தலைவர்களுக்கு நன்றாகவே புரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்ததுதான் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆங்கிலப் பிரதியின் முதல் பிரிவு இறையாண்மை முழுவதையும் அரசிக்குக் கொடுக்கிறது. மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் 'காவனதங்கா', அதாவது காவனாவின் ஆட்சி, என்று இருக்கிறது. நம் வாயில் கவர்னர் ஆன சொல் அவர்கள் வாயில் 'காவனா' ஆயிற்று. மாவோரி பைபிளில் பொந்தியு பிலாத்துவும் காவனாதான்; நம் பழைய பைபிளில் தேசாதிபதி. மேலே ஒரு பேரரசருக்குக் கட்டுப்பட்ட அதிகாரி, அவ்வளவுதான். இந்தச் சொல்லைக் கேட்டவருக்கு நாடே கைமாறுகிறது என்று எப்படித் தோன்றும்? அதுவும் நிலம், ஊர், அருமைப் பொருள்கள் அனைத்தின் மீதும் 'தினோ ரங்கத்திரதங்கா', அதாவது தலைவர்களின் முழு அதிகாரம், அவர்களுக்கே என்று அடுத்த பிரிவு உறுதி தரும்போது?

அவசரத்தில் நேர்ந்த பிழை என்று வில்லியம்சுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. 1835-இல் வடபகுதித் தலைவர்களின் சுதந்திரப் பிரகடனத்தை மாவோரியில் பெயர்த்தவரும் அவரே. அதில் தலைவர்களின் அதிகாரத்தையும் மதிப்பையும் சேர்த்துக் குறிக்கும் 'மனா' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை 1840-இல் எழுதி, உங்கள் மனாவைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் ஒருவராவது கையெழுத்திட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

மொத்தம் 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பினார்கள். ஆங்கிலப் பிரதியில் ஒப்பியவர்கள் சுமார் 40 பேர்தான். ஆனால் ஆட்சி நடந்தது ஆங்கிலப் பிரதிப்படி. 1860-களில் வைகாட்டோ வட்டாரத்தில் மட்டும் மாவோரிகளிடமிருந்து சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிக்கப்பட்டது. 1877-இல் நீதிபதி பிரெண்டர்காஸ்ட் ஒப்பந்தத்தையே செல்லாக்காசாக்கினார். முதலில் கையெழுத்திட்ட ஹேகேயின் தரப்போ அதற்கு வெகு முன்பே, 1844-45-இல், வைத்தாங்கிக்கு அருகிலுள்ள கொரொராரேகா ஊரின் பிரிட்டிஷ் கொடிமரத்தை நான்கு முறை வெட்டிச் சாய்த்திருந்தது.

வைத்தாங்கியில் கையெழுத்திட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று, இந்த ஒப்பந்தம் மீறப்பட்டதாக வரும் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கித் தீர்ப்பாயம் 2014-இல் சொன்னது. 174 ஆண்டுகள் கழித்து! அப்படியும் 2024-இல் ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குப் புதுப்பொருள் கற்பிக்க ஒரு மசோதா வந்தது. பல்லாயிரம் பேர் வெலிங்டன் பாராளுமன்றத்துக்கு நடந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் மசோதா தோற்றது.

வெலிங்டன் போகும் தமிழர்களே, அங்குள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் தமிழ் மணியோடு திரும்பிவிடாதீர்கள். அதே ஊரின் தேசிய நூலகத்தில் ஒப்பந்தத்தின் மூலத் தாள்கள் இருக்கின்றன. அரசு அலுவலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து எலி கடித்தவை. தலைவர்கள் பலர் தங்கள் முகத்துப் பச்சைக்கோலத்தின் ஒரு பகுதியை அதில் கையெழுத்தாக வரைந்திருக்கிறார்கள்.