பச்சைப் புள்ளின்னா இயற்கைன்னு அர்த்தம் இல்லண்ணே

மேல ஒரு அண்ணன், கருப்பட்டி பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா ஆர்கானிக், அரசு சான்றுன்னு போட்டிருக்காங்க, அது தப்புண்ணே. அது சைவம்ங்குற குறி மட்டும்தான், வெள்ளைச் சீனி பாக்கெட்லயும் இருக்கும். ஆர்கானிக்குக்கு முத்திரை தனி. நான் சாயல்குடி பக்கம், எங்க ஊர்ல பதனீர காய்ச்சி சிரட்டையில ஊத்தி எடுப்பாங்க. போன வாரம் ஒரு பாக்கெட் பாத்தேன், பழுப்புக் காகிதம், பனைமரப் படம், சுருக்கம் விழுந்த பாட்டி முகம், பின்னாடி பொடி எழுத்துல மொத சேர்மானமே சர்க்கரை, எடை அதிகமானதத்தான் மொதல்ல போடணும்ங்குறது சட்டம். "நான் பாரம்பரியம் சாப்பிடுறவன்"ங்குற நெனப்ப அந்த டிசைன் நமக்கு வித்துடுது, பனையேறுறவங்க பொழப்புல கைய வச்சு. தயவுசெஞ்சு பின்பக்கத்த படிச்சுட்டு வாங்குங்க.