கடற்கரையில் ஓடினால் மலைநோய் வராதா?

‘கல்லடிக் கடற்கரையில் தினமும் ஓடுகிறவர்களுக்குக் கேதார்காந்தா குளிர்கால ஏற்றத்தில் மலைநோய் வராது’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அது தவறு. நம்பிப் போனால் ஆபத்து.

கேதார்காந்தா இந்திய இமயமலையில் உள்ள ஒரு சிகரம், உயரம் ஏறத்தாழ 3,800 மீற்றர். இலங்கையிலேயே உயரமான நமது பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். மலைநோய் உயரத்தில் உடலுக்கு ஒட்சிசன் போதாமல் வருவது. அங்கே காற்றில் ஒட்சிசனின் விகிதம் குறைவதில்லை, காற்றமுக்கம் குறைகிறது. அந்தச் சிகரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு உடல் பழக நாட்கள் வேண்டும், தசைப் பலம் உதவாது.

எங்கள் குழுவில் முதலில் சுருண்டவன் உதைபந்தாட்டக்காரன். பனியில் குந்தியிருந்து, சப்பாத்து நாடாவை முடிச்சிடத் தெரியாமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். உடனே கீழே இறக்கினோம், தெளிந்துவிட்டான்.

தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ தடுமாற்றமோ கண்டால் இரவென்றும் பாராமல் இறக்குங்கள்.