இலையில் உள்ள புரதமும் ஆட்டுக்குக் கிடைக்கும் புரதமும்

மரத்தழைகளின் புரத அளவைப் பட்டியலிட்டு, "இதைக் கொடுங்கள், புண்ணாக்குச் செலவு மிச்சம்" என்று ஆடு வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்லும் பதிவுகள் பெருகிவிட்டன. அந்த எண்களைத் தவறென்று சொல்ல மாட்டேன். அவை பாதிச் செய்தியை மட்டுமே சொல்கின்றன என்பதே என் வருத்தம். இலையிலுள்ள நைட்ரஜனை ஆய்வகத்தில் அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கி வருவதைத்தான் கச்சாப் புரதம் என்கிறார்கள். அது செரிக்கும் நிலையில் இருக்கிறதா, துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளோடு பிணைந்து கிடக்கிறதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. கருவேல், வெள்வேல் போன்ற துவர்ப்பான தழைகளுக்கு இந்த வேறுபாடு அற்பமானதன்று.

ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் தோல் பதனிடுவதில் என்ன செய்தனவோ, அதையேதான் டானின் கால்நடையின் வயிற்றிலும் செய்கிறது: புரதத்தைப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிரிகள் சிதைக்க முடியாதபடி இறுக்கிவிடுகிறது. அசைபோடும் விலங்கின் முதல் வயிறான பெருவயிற்றில் அமிலத்தன்மை மிகக் குறைவு என்பதால் இந்தப் பிணைப்பு அங்கே நிலைத்து நிற்கும். அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றை அடைந்ததும் அதில் ஒரு பகுதி விடுபட்டு, புரதம் சிறுகுடலுக்குக் கிடைக்கும். டானினே இல்லாத தீவனத்திலோ, பெருவயிற்று நுண்ணுயிரிகள் புரதத்தை அம்மோனியாவாக உடைத்து, அதில் கணிசமான பங்கு யூரியாவாகிச் சிறுநீரில் வீணாகிறது. பயறுவகைத் தீவனமான குதிரை மசாலைப் பச்சையாக அதிகம் தின்ற மாட்டுக்கு வயிறு உப்புவதற்கும், அதன் புரதம் விரைவாகக் கரைந்து நுரையைத் தாங்கி நிற்பது ஒரு காரணம். டானின் உள்ள பயறுவகைத் தீவனங்களில் அத்தகைய உப்புசம் வருவதில்லை. எனவே டானினை நஞ்சு என்று ஒதுக்குவோருடனும் எனக்கு உடன்பாடில்லை.

அளவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தீவனத்தின் உலர்பொருளில் 2 முதல் 4 விழுக்காடு வரையிலான, டானினின் இரு வகைகளில் ஒன்றான செறிவுற்ற டானின் பொதுவாக நன்மை தருவதாகவும், 5 விழுக்காட்டைத் தாண்டினால் தீனி எடுப்பதும் நார்ச்சத்துச் செரிமானமும் குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. பிணைப்பு மிக இறுகினால் புரதம் குடலிலும் விடுபடாமல் சாணத்தோடு வெளியேறும்; நுண்ணுயிரிகளின் நொதிகளும் அதே பிடியில் சிக்கும். டானின் எந்த வகை என்பதும் முக்கியம். மற்றொன்றான நீரால் சிதையும் வகை உடைந்து, இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. இமாச்சலிலும் உத்தராகண்டிலும் வசந்தகாலத்தில் ஓக் மரத்தின் இளந்தளிர்களை மிகுதியாகத் தின்னும் மாடுகளுக்கு நேர்வது இதுதான்.

வெள்ளாடு, மாட்டைவிட இதைத் தாங்கும். ஆஸ்திரேலியாவில் வேல மரங்களை மேய்ந்த காட்டு வெள்ளாடுகளின் பெருவயிற்றிலிருந்து, டானின் நிறைந்த சூழலிலும் வளரும் பாக்டீரியாவையே பிரித்தெடுத்திருக்கிறார்கள். டானின் மிக்க தழை குடற்புழு முட்டைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் சில தீவனச் செடிகளில் நிறுவப்பட்டதே. அதை வைத்துக்கொண்டு "புழுநீக்க மருந்தே வேண்டாம்" என்று எழுதுவது பொறுப்பற்ற வேலை.

காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் மேயும் கால்நடைக்குக் கொழுக்கட்டைப்புல்லும் இருக்கிறது, வெள்வேல் நெற்றும் இருக்கிறது. எதை எவ்வளவு தின்பது என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது. பரண்மேல் அடைத்து வளர்க்கும் ஆட்டுக்கு அந்த உரிமை கிடையாது. நாம் வெட்டிக் கட்டும் ஒரே மரத்தின் தழையை நாள்முழுதும் தின்றாக வேண்டும். புரதப் பட்டியலை நம்பித் தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். துவர்ப்பான தழையைப் புல்லோடும் கடலைக்கொடியோடும் கலந்து, பங்காக மட்டும் கொடுக்க வேண்டும். வாடவைத்துக் கொடுத்தால் சில தழைகளில் டானினின் வீரியம் ஓரளவு தணியும். பட்டியல் வெளியிடுவோர், கச்சாப் புரதத்துக்குப் பக்கத்தில் டானின் அளவுக்கும் செரிக்கும் புரதத்துக்கும் இரண்டு கட்டங்களைச் சேர்க்கட்டும். அவை இல்லாத பட்டியலைப் பார்த்து எவரும் புண்ணாக்கை நிறுத்த வேண்டாம்.