டப்பா நிறையவில்லை

சோப்புத்தூள் டப்பாவைத்தான் சொல்கிறேன். ஆறு வருஷமாக அதே டப்பா, அதே கம்பெனித் தூள், அதே பாக்கெட். ஒரு பாக்கெட்டைக் கவிழ்த்தால் கழுத்து வரைக்கும் வந்து நிற்கும். மூடியை அழுத்தும்போது கொஞ்சம் பிதுங்கிச் சிந்தும், துடைத்துவிட்டுப் போவேன். நேற்று ராத்திரி முழுப் பாக்கெட்டையும் கவிழ்த்தேன். கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது.

முதலில் பாக்கெட்டின் மூலையில் தூள் கட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டி, உள்பக்கத்தை வெளியே புரட்டி, கையால் வழித்துப் பார்த்தேன். விரலில் ஒட்டியது மட்டும்தான் மிச்சம். சரி, வழியில் ஓட்டை விழுந்து கொட்டியிருக்கும் என்று கொண்டுவந்த பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு துகள் இல்லை. தரையைப் பார்த்தேன். அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வீட்டில் இருந்தவர்களிடம் யாராவது எடுத்தீர்களா என்று கேட்டேன். சீல் பிரிக்காத பாக்கெட்டிலிருந்து யார் எடுப்பார்கள்? அது தெரிந்தும் கேட்டேன். அவ்வளவு தூரம் நான் என் வீட்டையும் என் கையையும் சந்தேகப்பட்டேனே ஒழிய, பாக்கெட்டைச் சந்தேகப்படவே இல்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம்தான் துணி கிளிப்புகள் போட்டு வைத்திருக்கும் பழைய பாக்கெட் ஞாபகம் வந்தது. கிளிப்புகளைக் கொட்டிவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே உயரம், அதே அகலம், அதே நீலம், அதே படம். புதியதில் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘புதிய பொலிவு’ என்று ஒரு வரி கூடியிருந்தது. பின்பக்கம் திருப்பினேன். அடியில், மடிப்பு விழும் இடத்தில், எறும்புக்கால் அளவு எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குக்குக் கீழே பிடித்தேன். 850 கிராம். பழையதில் அதே இடத்தில் 1 கிலோ. விலை இரண்டிலும் ஒன்றுதான்.

விலையை ஏற்றியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது, சத்தியமாகச் சொல்கிறேன். மூலப்பொருள் ஏறுகிறது, கூலி ஏறுகிறது, வண்டி வாடகை ஏறுகிறது. ஏற்றிவிட்டோம், வேண்டுமானால் வாங்கு, வேண்டாவிட்டால் விடு என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். நான் கணக்குப் போட்டு, ஒன்றைக் குறைத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வேன். இவர்கள் என்னிடம் கேட்கவே இல்லை. விலையைத்தான் நாம் பார்ப்போம், எடையைப் பார்க்க மாட்டோம் என்று தெரிந்துதான் எடையில் கை வைக்கிறார்கள். கடையில் அவசரத்தில் நிற்கிறவர் யார் பாக்கெட்டைத் திருப்பி மடிப்பை விரித்துப் படிக்கிறார்?

இதில் கணக்கும் நம்மை ஏமாற்றும். 15 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், அப்படியென்றால் 15 சதவீதம் விலை ஏறியதற்குச் சமம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. 850 கிராமுக்குக் கொடுத்த காசை ஒரு கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள், ஏற்றம் 17.6 சதவீதம். ஒரு கிலோவை 800 கிராம் ஆக்கினால் குறைப்பு 20 சதவீதம்தான், ஏற்றமோ 25 சதவீதம். 750 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். குறைந்ததைச் சொல்லும் எண் எப்போதும் சின்னதாகவே இருக்கும், நாம் கொடுப்பது அதைவிடப் பெரிதாக இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குச் சோப்புத்தூள் மணக்கிற கையோடு உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டேன்.

காலையில் இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். பில் போடும் பெண் இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நாங்க என்னக்கா பண்றது, வர்ற சரக்கத்தான் அடுக்குறோம். எங்க வீட்டுலயும் இதே தூள்தான். மாசக்கடைசி வரைக்கும் வராம முன்னாடியே தீந்துபோகுது, எங்க அம்மா என்னைத்தான் திட்டுறாங்க, நீதான் அள்ளிப் போடுறேன்னு.” இதைக் கேட்டதும் அவள்மேல் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை. கம்பெனிக்காரர் ஒரு அறையில் உட்கார்ந்து 150 கிராமைக் குறைக்கிறார், எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண் தன் அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார்களோ.

அதன்பிறகு சும்மா இருக்க முடியுமா? கடையிலேயே நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பற்பசை டியூப் இளைத்திருக்கிறது, அதன் அட்டைப்பெட்டி இளைக்கவில்லை. குளியல் சோப்பின் நடுவில் குழிவாக வளைத்துவிட்டிருக்கிறார்கள், கைக்கு வாகாக இருக்கிறதாம். பாட்டிலின் அடியைத் தடவிப் பார்த்தால் உள்ளே குடைந்து மேலே ஏற்றியிருக்கிறார்கள், வெளியே இருந்து பார்த்தால் அதே உயரம்.

டீசல் ஏறிவிட்டது என்பார்கள். சரி, ஏறியபோது ஏற்றினீர்கள். இறங்கியபோது இறக்கினீர்களா? இதற்குப் பொருளாதாரக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள், ‘ராக்கெட்டும் இறகும்’ என்று. ராபர்ட் பேக்கன் என்ற ஆய்வாளர் பிரிட்டனின் பெட்ரோல் விலையை ஆராய்ந்து 1991-லேயே எழுதியது. செலவு கூடும்போது விலை ராக்கெட் மாதிரி போகும், செலவு குறையும்போது இறகு மாதிரி ஆடி ஆடி இறங்கும். பெட்ரோலாவது ஆடி ஆடியாவது இறங்குகிறது. என் டப்பாவில் போன 150 கிராம் எந்தக் காலத்திலும் திரும்பி வராது. அடுத்த முறை 800 ஆகும், அப்போது ‘இன்னும் புதிய பொலிவு’ என்று போடுவார்கள்.

இதற்கு நடுவில் செய்தியில் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று வாசிக்கிறார்கள். இந்த ஒரு வரியைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. குறைந்தது விலை இல்லை, விலை ஏறும் வேகம்! 100 ஆக இருந்த விலை ஒரு வருஷம் 8 சதவீதம் ஏறினால் 108. அடுத்த வருஷம் 3 சதவீதம்தான் ஏறியது என்றால் 111-ஐத் தாண்டிவிடும். எங்கே குறைந்தது? பிரிட்டனில் 2022 அக்டோபரில் 11.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2024 மே மாதம் 2 சதவீதத்துக்கு வந்தது. அதற்காக அங்கே கடைக்குப் போனவர்கள் 2022-க்கு முந்தைய விலையில் வாங்கிவிட்டு வரவில்லை. ஏறிய ஏணியில் மேலேயே நின்றுகொண்டு, இப்போது மெதுவாகத்தான் ஏறுகிறோம் என்பதை நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள்.

பணவீக்கத்தை அளக்க வைத்திருக்கும் குறியீட்டு எண்ணே ஒரு கற்பனைக் கூடையை வைத்துப் போடும் கணக்கு. அந்தக் கூடையில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாங்கும் டிவியும் உண்டு, மாசாமாசம் தீரும் சோப்புத்தூளும் உண்டு. டிவி விலை இறங்கினால் சராசரியும் கொஞ்சம் இறங்கும். நான் டிவியைப் போட்டா துணி துவைக்கிறேன்? ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், பல நாடுகளில் புள்ளிவிவரக்காரர்கள் எடை குறைப்பையும் விலையேற்றமாகவே கணக்கில் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிகிறது. காசு கொடுக்கிற எனக்குத்தான் தெரிவதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். எடையைக் குறைத்துவிட்டு விலையைக் குறைக்காத பொருள் என்றால், பெரிய கடைகள் அதன் பக்கத்திலேயே அறிவிப்பு வைக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு. எவ்வளவு குறைந்தது, கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு விலை எவ்வளவு ஏறியது என்று எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பதும். ஒரு துண்டு அட்டை. அதைப் படித்துவிட்டும் நான் வாங்கினால் அது என் முடிவு. ‘புதிய பொலிவு’ என்று அச்சடிக்க இடம் இருக்கிறது, ‘எடை குறைந்துவிட்டது’ என்று அச்சடிக்க இடம் இல்லையா?

சரி, இனி விடப்போவதில்லை, எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்று வீட்டுக்கு வந்து பழைய பில்களைத் தேடினேன். எந்த மாதம் ஒரு கிலோ வாங்கினேன், எந்த மாதம் 850 ஆனது என்று ஆதாரத்தோடு கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்துப் பில்கள், ஒன்று விடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். உறையைப் பிரித்தேன். அத்தனையும் வெள்ளைத் தாள்!

அந்தத் தாளில் மை கிடையாதாம். சூடு பட்டால் கறுக்கும் பூச்சு ஒன்று தடவியிருக்கிறார்களாம், அதில் விழுந்த எழுத்து வெயிலிலும் வெக்கையிலும் மங்கிப்போகுமாம். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடுமாம். பத்திரப்படுத்தியதே அழித்திருக்கிறது! நான் கொடுத்த காசுக்கு எனக்கென்று இருந்த ஒரே அத்தாட்சி, அதையாவது நிற்கிற மாதிரி அச்சடித்துக் கொடுக்க வேண்டாமா? சாமான் வாங்கி ஒரு வருஷத்துக்குள் ரிப்பேர் ஆனால் பில் கொண்டுவா என்கிறார்கள். எதைக் கொண்டுபோவது, இந்த வெள்ளைத் தாளையா?

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருள் இல்லை, எடை இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. தாளிலேயே முன்கூட்டி மையில் அச்சாகி வந்த அடிவரி மட்டும் எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்தது. ‘நன்றி, மீண்டும் வருக.’

உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அழுவதற்குத் தெம்பில்லை. நாளைக்குத் துணி ஊறப்போட வேண்டும்.