போஞ்சியை முறித்துப் பார்த்த சந்தை

கொழும்பின் மொத்த மரக்கறி வியாபாரம் நடந்த மெனிங் சந்தையைப் புறக்கோட்டையிலிருந்து தூக்கியது பெரும்பாவம் என்று எங்கள் கொட்டாஞ்சேனை நண்பர்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒல்கொட் மாவத்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நுவரெலியா லொறி கோவா மூட்டைகளோடு வழியை மறித்து நிற்கும். பின்னால் தம்புள்ளை லொறி ஹோர்ன் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே மூட்டை தூக்கும் நாட்டாமைமார் தலையில் பாரத்தோடு, சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி வழி கேட்டபடி ஓடுவார்கள். காலடியில் அழுகிய தக்காளி. 1918 முதல் 1925 வரை ஆளுநராக இருந்த வில்லியம் மெனிங்கின் பெயரைச் சுமந்த அந்த இடம் இத்தனை லொறிகளுக்குப் போதவே போதாது. ஆகவே 2020 நவம்பரில் களனி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பேலியகொடையில் புதிய கட்டடம் திறந்தபோது, மொத்த வியாபாரம் அங்கே போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மீன் சந்தை அதற்கு முன்பே போய்விட்டது.

யோசித்தால், வியாபாரம் களனி ஆற்றங்கரைக்குத் திரும்பியிருக்கிறது. இக்கரையில் உள்ள கிராண்ட்பாஸ் என்ற பெயரே போர்த்துக்கேயர் காலத்து ஆற்றுக் கடவையிலிருந்து வந்ததுதான். 1822இல் அங்கே படகுகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேல் பாலம் போட்டார்கள். ஆற்றில் வரும் ஓடங்களுக்காக அதன் ஒரு பகுதியைத் திறந்துவிடுவார்கள்; அதுவரை வண்டில்கள் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். 1895இல் விக்டோரியா பாலம் வந்தது, படகுகளுக்கு வேலை போயிற்று. இப்போது மழைக்காலச் செய்தியில் நாகலகம் வீதி நீர்மட்டத்தைச் சொல்லும்போதுதான் நமக்கு ஆறே ஞாபகம் வருகிறது.

சரி, என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். மாலை ஐந்தரைக்குமேல் அம்மா ஒரு சீலைப்பையோடு புறக்கோட்டைக்குப் போவார். பகல் முழுக்கக் கிடந்து வாடிய போஞ்சியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அம்மா ஒன்றை எடுத்து முறிப்பார். சட்டென்று முறிந்தால் கேட்ட விலை. வளைந்தால் பேரம்.

“பஸ் காசாவது மிஞ்சட்டும் அக்கா” என்பார் வியாபாரி.

“எனக்கு மட்டும் மிஞ்ச வேண்டாமா தம்பி?” என்று சொல்லிவிட்டு, ஐந்துலாம்புச் சந்தி வழியாக நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்தப் பையோடு இன்று பேலியகொடைக்கு யார் போவது? அரைக் கிலோ போஞ்சிக்காக ஆற்றைக் கடக்க முடியுமா? லொறிக்கு இடம் தேடியவர்கள் பைக்காரர்களை மறந்துவிட்டார்கள். 2014இல் பெஸ்டியன் மாவத்தையில் மிதக்கும் சந்தை என்று ஒன்று கட்டினார்களே, அது படம் பிடிக்க நன்றாக இருந்தது. நான் கேட்பது அதுவல்ல. புறக்கோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கைக்கெட்டும் தூரத்தில், கூரை போட்ட ஐம்பது மரக்கறிக் கடைகள். மாலையில் விலை குறைய வேண்டும். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. வாசலுக்கு வரும் வண்டில்காரரிடம்தான் மரக்கறி வாங்குகிறார். போஞ்சியை முறித்துப் பார்க்க அவர் விடுவதில்லை.